இது உன் சிலுவையா?

அன்புள்ள ஐயா,

அம்மா ஓராண்டாகப் படுக்கையில் இருக்கிறார். உபவாச ஜெபமெல்லாம் செய்தாயிற்று. மருந்து சாப்பிடுவதே விசுவாசக் குறைவு என்கிறார்கள் சிலர். "இது உன் சிலுவை, பாடுபட்ட மேசியாவை ஏற்றுக்கொள், அமைதி வரும்" என்கிறார் எங்கள் போதகர். மனம் ஒப்பவில்லை. தினமும் ஏசாயா 53 வாசிக்கிறேன். எந்த நேரத்தில் ஜெபிக்க வேண்டும், முழங்காலில்தான் நிற்க வேண்டுமா?

ஒரு சகோதரி

அன்புள்ள சகோதரி,

நேரமும் முழங்காலும் ஒரு பொருட்டல்ல. உடம்பு இடம்கொடுக்கிறபடி ஜெபியுங்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் உடம்பு அது, வதைக்காதீர்கள்.

"இது உன் சிலுவை" என்பதைத்தான் விட முடியவில்லை. நோயாளிகளின் வீட்டில் போய் இதைச் சொல்கிறவர்கள் மாற்கு சுவிசேஷத்தைத் திறந்து பார்க்க வேண்டும். பேதுருவின் மாமி ஜுரமாய்க் கிடந்தபோது இயேசு கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். பன்னிரண்டு வருஷம் பெரும்பாடுள்ள, அதாவது உதிரப்போக்கு நிற்காத, பெண்ணிடம் பொறுத்துக்கொள் என்று சொல்லவில்லை. குணம் தேடி வந்த ஒருவரிடமும் நோயைச் சிலுவை என்று அவர் சொன்னதில்லை. ரோமர்கள் சிலுவையில் அறைந்தது அடிமைகளையும் கலகக்காரர்களையும். சிலுவையை எடுத்துக்கொள் என்றால், என்னைப் பின்பற்றுவதால் வருவதற்குத் துணி என்று அர்த்தம். வாதம் வந்து படுத்துக்கிடப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பாடுபடும் மேசியாவை ஏற்க மறுத்த முதல் ஆள் பேதுருதான். மாற்கு 8:29இல் "நீர் கிறிஸ்து", அதாவது மேசியா, என்கிறான், தாம் பாடுபட்டுச் சாகவேண்டும் என்று இயேசு சொன்னதும் 8:32இல் அவரையே தனியே அழைத்துப்போய்க் கடிந்துகொள்கிறான். அவன் மறுத்தது அவருடைய பாடுகளை. உங்கள் மனம் ஒப்பாதது அம்மாவின் வலிக்கு. இரண்டையும் ஒன்றாக்கி உங்களைக் குற்றவாளியாக்குவது அநியாயம்.

ஏசாயாவை 53:1இல் தொடங்காதீர்கள். அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டில் வந்தவை. பாடுபடும் தேவனுடைய தாசனைப் பற்றிய அந்தப் பாட்டு 52:13இல், அவர் உயர்த்தப்படுவதில் தொடங்குகிறது. 53:4இல் நின்று சத்தமாக வாசியுங்கள்: "நாமோ, அவர் தேவனால் அடிபட்டு வாதிக்கப்பட்டு, சிறுமைப்பட்டவரென்று எண்ணினோம்." இது தப்புக்கணக்குப் போட்டவர்களின் அறிக்கை. வேதனைப்படுகிறவனைக் கண்டதும் தேவன் அடித்தார் என்று முடிவுகட்டினவர்கள் பேசுகிறார்கள். மருந்தைக் குறைசொல்கிறவர்கள் செய்வதும் அதுவேதான்.

ஜெபத்துக்கு மாற்கு 14:36 போதும், பிடிபடுவதற்குச் சற்றுமுன் இயேசு ஜெபித்தது அது. அதில் நான்கு படி. "அப்பா பிதாவே" என்று கூப்பிடுவது, "எல்லாம் உம்மாலே கூடும்" என்பது, பாத்திரத்தை, அதாவது வரப்போகும் பாடுகளை, எடுத்துப்போடும் என்று கேட்பது, கடைசியாக உம்முடைய சித்தம் என்று ஒப்புக்கொடுப்பது. பக்தியாகத் தெரிகிறது என்பதால் பலர் நேரே நான்காவதுக்குத் தாவுகிறார்கள். கேட்காமலே ஒப்புக்கொடுத்தது சீக்கிரமே கசப்பாகத் திரும்பும். மூன்றாவதில்தான் அதிக நேரம் இருக்க வேண்டும். "கஷ்டத்தை நீக்கும்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். ராத்திரியில் அம்மாவுக்கு எங்கே வலிக்கிறது, எத்தனை மணிக்கு விழிக்கிறார், அதைச் சொல்லிக் கேளுங்கள்.

நான்காவது வாயில் வரவில்லையென்றால் மூன்றாவதோடு எழுந்துவிடுங்கள். நாளைக்கும் அதையே கேட்கலாம். இயேசுவும் மறுபடி போய் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் என்று 14:39 சொல்கிறது. ஒன்றும் வராத நாளில் 88ஆம் சங்கீதம் வாசியுங்கள், இருளிலேயே முடிகிற ஜெபம் அது. அதற்குப் பிறகு ஆறுதல் வசனம் எதையும் ஒட்டாதீர்கள்.

அம்மாவின் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர் யாரானாலும் இனி வீட்டுக்கு வெளியிலேயே நின்று ஜெபிக்கட்டும்.