ஒரே கார்டு, வேறு வேகம்: கேமிங் லேப்டாப் கேள்வி பதில்

கேமிங் லேப்டாப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றதும் பாதிப் பேர் "எந்த மாடல் வாங்கலாம்?" என்று ஒற்றை வரியில் கேட்டிருக்கிறீர்கள். மாடல் பெயரைச் சொன்னால் ஆறு மாதத்தில் அது கடையில் இருக்காது. எதைப் பார்த்து வாங்குவது என்று தெரிந்தால் அடுத்த லேப்டாப்புக்கும் உதவும். பத்து வருடத்துக்கு மேலாகத் திருப்புளியும் கையுமாக அடுத்தவர் லேப்டாப்பைப் பிரித்து மாட்டிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, இரண்டு லேப்டாப் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டிலும் ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டுதான். ஒன்று மெலிதாக, பார்க்க அழகாக இருக்கிறது. இன்னொன்று செங்கல் மாதிரி. கார்டு ஒன்றுதானே, அழகானதையே எடுத்துவிடவா? (கல்லூரி மாணவர், சேலம்)

பதில்: பெயர்தான் தம்பி ஒன்று. லேப்டாப்புக்கான 4060 கார்டுக்கு, அதை வடிவமைக்கும் என்விடியா வைத்திருக்கும் மின்சார அளவு 35 வாட்டில் தொடங்கி 115 வாட் வரை போகிறது. அதில் எவ்வளவு கொடுப்பது என்று தீர்மானிப்பது லேப்டாப்பைத் தயாரிக்கும் கம்பெனி. லோ வோல்டேஜ் நேரத்தில் சீலிங் ஃபேன் சுற்றுமே, அதே ஃபேன்தான், ஆனால் காற்று வராது. குறைந்த வாட் கொடுத்த 4060-ம் அப்படித்தான். மெலிதான உடம்பில் சூட்டை வெளியே தள்ள இடமில்லாததால் பெரும்பாலும் வாட்டைக் குறைத்துத்தான் வைப்பார்கள்.

முன்பெல்லாம் வாட் குறைத்த கார்டுக்கு மேக்ஸ்-க்யூ என்று பெயரிலேயே ஒட்டு போட்டார்கள், பார்த்ததும் தெரிந்துவிடும். ஆர்டிஎக்ஸ் 30 வரிசையிலிருந்து அந்த ஒட்டு போய்விட்டது. இப்போது கம்பெனியின் இணையதளத்தில் அந்த மாடலின் விவரப் பட்டியலைத் திறந்து, டிஜிபி அல்லது மேக்ஸிமம் கிராஃபிக்ஸ் பவர் என்று இருக்கும் எண்ணைத் தேட வேண்டும். 140 வாட் என்று போட்டிருந்தால் மயங்க வேண்டாம். அதில் 25 வாட் ப்ராசசர் சும்மா இருக்கும்போது அதனிடமிருந்து வாங்கும் கைமாற்று. 4060-ஐப் பொறுத்தவரை 100 வாட்டைத் தாண்டினால் பெரிய லாபமும் இல்லை. 90, 100 வாட் கிடைக்கிறதா என்று பாருங்கள். எண்ணே போடாமல் மறைத்திருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். உங்களுக்கும் வரட்டும்.

கேள்வி: என் ரூம்மேட்டிடம் டெஸ்க்டாப் 4070. என்னிடம் லேப்டாப் 4070. அவனுக்கு வரும் ஃப்ரேமில் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) பாதிதான் சில கேம்களில் எனக்கு வருகிறது. என் லேப்டாப்பில் ஏதாவது கோளாறா? (பெங்களூரு)

பதில்: கோளாறு பெயர் வைத்தவர்களிடம். டெஸ்க்டாப் 4070-ல் 12 ஜிபி மெமரி, 200 வாட். லேப்டாப் 4070-ல் 8 ஜிபி, அதிகபட்சம் 115 வாட், உள்ளே இருக்கும் சிப்பும் வேறு. டெஸ்க்டாப்பில் 4060 டிஐ என்று விற்கும் சிப்தான் அது. லேப்டாப் 4090-ம் இதே கதை, அதற்குள் இருப்பது டெஸ்க்டாப் 4080-ன் சிப்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. லேப்டாப்பில் 4060-க்கும் 8 ஜிபி, 4070-க்கும் 8 ஜிபி. புதிய வரிசையில் 5060-க்கும் 5070-க்கும்கூட அதே 8 ஜிபிதான். இப்போது வரும் பெரிய கேம்களில் டெக்ஸ்சரை (பொருட்களின் மேற்பரப்புப் படத்தை) உச்சத்தில் வைத்தால் முதலில் மூச்சு வாங்குவது அந்த 8 ஜிபிதான். அதனால் என் கணக்கு இப்படி: பட்ஜெட் இருந்தால் 12 ஜிபி உள்ள 5070 டிஐ-க்குப் போங்கள், இல்லையென்றால் 4060, 5060 என்று 60-லேயே நின்றுவிடுங்கள். நடுவில் இருக்கும் 70-க்குக் கூடுதல் பணம் கொடுக்க எனக்கு மனசு வராது.

கேள்வி: ப்ராசசர் இன்டெல் ஐ7 போதுமா, ஐ9 வேண்டுமா?

பதில்: கேம் மட்டும்தான் என்றால் ஐ7-ஏ அதிகம். மிச்சப் பணத்தைக் கார்டில் போடுங்கள்.

கேள்வி: 16 ஜிபி ரேம் இருக்கிறது. இருந்தும் கேம் நடுநடுவே திக்கித் திக்கி ஓடுகிறது. கடைக்காரர் 32 ஆக்கச் சொல்கிறார். (நாகர்கோவில்)

பதில்: செலவு செய்யும் முன் ஒரு சோதனை. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. இரண்டு ஸ்லாட்டில் ஒன்றுதான் உபயோகத்தில் இருக்கிறது என்று காட்டுகிறதா? அப்படியென்றால் விலையைக் குறைக்க 16 ஜிபி-யை ஒரே குச்சியாகப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். ப்ராசசருக்கும் ரேமுக்கும் நடுவே இருவழிச் சாலை போட்டு, ஒரு வழியை அடைத்து வைத்த மாதிரி. இன்னொரு 16 ஜிபி குச்சி போட்டால் திக்கல் பெரும்பாலும் அடங்கும். அளவு கூடியதைவிட இரண்டாவது வழி திறந்ததுதான் அதற்குக் காரணம். ஆக, கடைக்காரர் சொன்ன 32 சரிதான், ஆனால் பழைய குச்சியைக் கழற்றி எடுத்துக்கொண்டு புதிதாக இரண்டு விற்கப் பார்த்தால் விடாதீர்கள்.

மெலிதான சில மாடல்களில் ரேமை போர்டோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுகிறார்கள். அதை வாங்கும்போதே 32 ஆக வாங்கினால்தான் உண்டு.

கேள்வி: மக்ஸ் சுவிட்ச் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். அது இல்லாவிட்டால் வாங்கவே கூடாதா?

பதில்: சாதாரணமாக கேமிங் கார்டு வரையும் படம் நேராகத் திரைக்குப் போகாது. ப்ராசசரோடு இருக்கும் சின்ன கிராஃபிக்ஸ் வழியாகச் சுற்றிப் போகும். பேட்டரி மிச்சமாவதற்காகச் செய்த ஏற்பாடு. மக்ஸ் சுவிட்ச் அந்தச் சுற்றை வெட்டிவிடும். வாலரன்ட் மாதிரி சுடும் போட்டி கேம் ஆடி, நிமிடத்துக்கு நிமிடம் ஃப்ரேம் எண்ணும் ஆட்களுக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும். கதை கேம் ஆடுபவர்களுக்கு அவ்வளவு தெரியாது. வெளி மானிட்டரில்தான் ஆடப் போகிறீர்கள் என்றால் கவலையே வேண்டாம், நிறைய கேமிங் லேப்டாப்பில் எச்டிஎம்ஐ போர்ட் நேராகக் கார்டோடுதான் இணைந்திருக்கும். சுவிட்ச் இருப்பவர்கள் கல்லூரிக்கோ ஆபீசுக்கோ எடுத்துப் போகும்போது மறக்காமல் ஹைப்ரிட் மோடுக்கு, அதாவது பழைய சுற்று வழிக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் மதியத்துக்குள் சார்ஜ் காலி.

கேள்வி: திரையில் என்ன பார்க்க வேண்டும்? 144 ஹெர்ட்ஸா, 240-ஆ?

பதில்: ஹெர்ட்ஸ் என்பது திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கும் என்ற எண். அதைவிட நிறத்தைப் பாருங்கள். விவரப் பட்டியலில் 45 சதவீத என்டிஎஸ்சி (திரை காட்டும் நிறங்களுக்கான அளவுகோல்) என்று இருந்தால் சிவப்பே செங்கல் நிறத்தில் தெரியும். நூறு சதவீத எஸ்ஆர்ஜிபி (இதுவும் நிற அளவுகோல்தான்) இருக்க வேண்டும், வெளிச்சம் 300 நிட்ஸுக்குக் குறையக் கூடாது. 144-க்கும் 165-க்கும் வித்தியாசம் எனக்கே தெரியாது. ஒன்று மட்டும்: விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் போய் எத்தனை ஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று பாருங்கள். எங்கள் சித்தி பையன் 165 ஹெர்ட்ஸ் திரை வாங்கி எட்டு மாதம் 60-லேயே ஆடிக்கொண்டிருந்தான். "சூப்பரா இருக்குண்ணா" என்று வேறு சொல்வான்.

கேள்வி: ஏசி இல்லாத ரூம், சென்னை வெயில். கேம் போட்டால் ப்ராசசர் 95 டிகிரி காட்டுகிறது. வெடித்துவிடுமா? (ஆதம்பாக்கம்)

பதில்: வெடிக்காது. இன்டெல் லேப்டாப் ப்ராசசர்கள் பெரும்பாலும் 100 டிகிரி வரை தாங்குமாறு வடிவமைத்தவை. அதைத் தொட்டால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்போதும் அடங்காவிட்டால் மெஷின் அணைந்துவிடும். ஆபத்து உயிருக்கு இல்லை, ஃப்ரேமுக்குத்தான். ரூம் 24 டிகிரியில் இருந்து 36 ஆனால் உள்ளே இருக்கும் சூடும் ஏறக்குறைய அதே 12 டிகிரி ஏறும். வெளிநாட்டு விமர்சகர் ஏசி ரூமில் எடுத்த எண்ணை மே மாதத்து ஆதம்பாக்கத்தோடு ஒப்பிட்டுப் பயப்படாதீர்கள்.

காசு செலவில்லாமல் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. முதலில் லேப்டாப்பின் பின்பக்கத்தை இரண்டு விரல் அளவுக்குத் தூக்கி வையுங்கள். காற்றை உறிஞ்சும் ஓட்டை அடியில்தான் இருக்கிறது. மெத்தை மேல் வைத்து ஆடுபவர்களுக்கு நான் பதில் சொல்வதே இல்லை. அடுத்து, கேமுக்கு ஃப்ரேம் வரம்பு போடுங்கள். 144 ஹெர்ட்ஸ் திரையில் 200 ஃப்ரேம் ஓடவிட்டால் மிச்சம் 56-ம் வெறும் சூடுதான். கதை கேமுக்கு 60 போதும்.

அப்புறம் ஒரு பழைய தந்திரம். விண்டோஸின் பவர் ஆப்ஷனில் மேக்ஸிமம் ப்ராசசர் ஸ்டேட் என்பதை 100-லிருந்து 99 ஆக்கினால் டர்போ (ப்ராசசர் தானே வேகத்தை ஏற்றிக்கொள்வது) நின்றுவிடும். பத்து டிகிரிக்கு மேல் இறங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கார்டுதான் தடையாக இருக்கும் கனமான கேம்களில் ஃப்ரேம் இழப்பு கொஞ்சம்தான். வாலரன்ட், சிஎஸ் 2 மாதிரி ப்ராசசரை நம்பி ஓடுபவற்றில் இதைச் செய்யாதீர்கள்.

கொஞ்சம் துணிச்சல் இருந்தால் கார்டை அண்டர்வோல்ட் செய்யலாம், அதாவது அதே வேகத்துக்குக் குறைந்த வோல்டேஜ் கொடுக்கலாம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கன்ட்ரோல், எஃப் சேர்த்து அழுத்தினால் எந்த வோல்டேஜுக்கு எவ்வளவு வேகம் என்று காட்டும் ஒரு வளைகோடு வரும். நான் 900 மில்லிவோல்ட்டில் தொடங்குவேன். அந்தப் புள்ளியை வழக்கமாக ஓடும் வேகத்துக்கு உயர்த்தி, அதற்கு வலப்பக்கம் முழுவதையும் சமதளமாக்கி, ஒரு மணி நேரம் ஆடிப் பார்க்க வேண்டும். கேம் மூடிக்கொண்டால் கொஞ்சம் வேகத்தைக் குறைக்க வேண்டும். இதில் எதுவும் நிரந்தரமாகக் கெடாது, ரீசெட் பட்டன் இருக்கிறது. ப்ராசசருக்கும் இதைச் செய்யலாமா என்று கேட்பீர்கள். 2019-ல் ப்ளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபின் பல இன்டெல் லேப்டாப்களில் அந்த வசதியை பயாஸிலேயே (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை மென்பொருள்) பூட்டிவிட்டார்கள்.

இவ்வளவுக்கும் அடங்காவிட்டால்தான் கூலிங் பேட். அதுவும் தூக்கி வைப்பதால் கிடைக்கும் பலனுக்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: பக்கத்திலேயே பனியன் கம்பெனி. ஆறு மாதத்தில் ஃபேன் ஜெட் விமானம் மாதிரி கத்துகிறது. நானே பிரித்துச் சுத்தம் செய்யலாமா? (திருப்பூர்)

பதில்: உங்கள் ஊர்ப் பஞ்சுத் தூசி தனி ரகம். ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே கம்பளி மாதிரி ஒட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து ஊதினால் அந்தக் கம்பளி உள்ளேயே புரளும், வெளியே வராது. பிரித்துத்தான் எடுக்க வேண்டும். வாரன்டி காலத்தில் அடி மூடியைத் திறக்கலாமா என்று முதலில் கம்பெனியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அணைத்துவிட்டு, மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. திருகாணிகள் நீளத்தில் வேறுபடும், ஒரு தாளில் லேப்டாப் படம் வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். ப்ளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். ஆரம்ப காலத்தில் ஒரு நண்பனின் லேப்டாப்பில், ஊதும் காற்றில் ஃபேன் விர்ரென்று சுற்றுவதை வேடிக்கை பார்த்தேன். மறுநாளிலிருந்து அது கொசு மாதிரி ரீங்காரம் போட ஆரம்பித்தது. புது ஃபேன் என் செலவு.

தூசி எடுத்தாலே போதும், ஒவ்வொரு முறையும் சிப்பிலிருந்து சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டை மாற்ற வேண்டியதில்லை. இரண்டு மூன்று வருடம் ஆகி, சுத்தம் செய்தும் சூடு இறங்கவில்லை என்றால் மாற்றலாம். ஆனால் உங்கள் மாடலில் பேஸ்ட்டுக்குப் பதிலாக லிக்விட் மெட்டல் (திரவ உலோகம்) போட்டிருந்தால் தொடாதீர்கள். அது மின்சாரம் கடத்தும், ஒரு சொட்டு தவறி போர்டில் விழுந்தால் கதை முடிந்தது. அலுமினியத்தையும் அரித்துவிடும். சாதாரண பேஸ்ட் இருந்த இடத்தில் நான் இப்போது பிடிஎம் 7950 என்ற சூடு கடத்தும் தாளைத்தான் வைக்கிறேன். சூட்டில் இளகிப் பரவிக்கொள்ளும், பேஸ்ட் மாதிரி நாளடைவில் ஓரத்துக்கு ஒதுங்காது.

கேள்வி: சார்ஜ் போட்டு ஆடும்போது உலோக மூடியைத் தொட்டால் சுரீர் என்கிறது. லேப்டாப் கெட்டுவிட்டதா? (தஞ்சாவூர் பக்கம் ஒரு கிராமம்)

பதில்: பெரும்பாலும் லேப்டாப் மேல் தப்பில்லை, சுவர் மேல். அடாப்டருக்குள் இருக்கும் ஒரு வகை கெபாசிட்டர் வழியாக மிகச் சிறிய மின்கசிவு இருந்துகொண்டே இருக்கும். எர்த் சரியாக இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும், இல்லாவிட்டால் உங்கள் விரலுக்கு வரும். மூன்று முனை பிளக்கை இரண்டு முனை மாற்றியில் செருகியிருந்தால் இன்றே தூக்கிப் போடுங்கள். எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் பார்க்கச் சொல்லுங்கள். பல வீடுகளில் சாக்கெட்டில் ஓட்டை மட்டும் இருக்கும், பின்னால் கம்பியே இருக்காது. எர்த் சரியாக இருந்தும் சுரீர் என்றால் அடாப்டரை மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: பேட்டரியில் ஆடினால் ஃப்ரேம் பாதியாகிறது. சார்ஜிலேயே வைத்திருந்தால் பேட்டரி கெட்டுவிடும் என்கிறார்கள். என்னதான் செய்வது?

பதில்: கணக்கு எளிது. விமானத்தில் அனுமதி கேட்காமல் எடுத்துப்போகும் வரம்பு 100 வாட்-ஹவர் என்பதால், எவ்வளவு பெரிய லேப்டாப்பிலும் பேட்டரி 99 சொச்சத்தில் நின்றுவிடும். கார்டும் ப்ராசசரும் சேர்ந்து 150 வாட் கேட்டால் 40 நிமிடம்தான். அவ்வளவு வேகமாக இழுத்தால் பேட்டரியே தாங்காது என்பதால் லேப்டாப் தானே வாட்டைக் குறைத்துக்கொள்கிறது. அதனால் கேம் என்றால் சார்ஜர்தான். கம்பெனி கொடுத்திருக்கும் செயலியில் சார்ஜ் வரம்பை 80 சதவீதத்தில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தால் மட்டும் அது வேறு விஷயம். பேட்டரி ஊதியிருக்கிறது, அன்றே உபயோகத்தை நிறுத்துங்கள்.

கேள்வி: துபாயிலிருந்து மாமா வருகிறார். அங்கே வாங்கிவரச் சொல்லலாமா? (ராமநாதபுரம்)

பதில்: 18 வயது நிரம்பிய பயணி ஒரு லேப்டாப்பைச் சுங்க வரி இல்லாமல் கொண்டுவரலாம். மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: வாரன்டி இந்தியாவில் செல்லுமா, கீபோர்டில் அரபி எழுத்து இருக்கிறதா, பில் கையில் இருக்கிறதா.

கேள்வி: 2019-ல் வாங்கிய ஜிடிஎக்ஸ் 1650 லேப்டாப். இன்னும் ஓடுகிறது. நண்பர்கள் மாற்றச் சொல்கிறார்கள். நான் ஆடுவது வாலரன்ட், ஜிடிஏ 5, கொஞ்சம் கிரிக்கெட். (விழுப்புரம்)

பதில்: இந்த மூன்றுக்கும் அந்த 4 ஜிபி கார்டு தாராளம். தூசி எடுங்கள், ரேம் ஒற்றைக் குச்சியாக இருந்தால் இரண்டாக்குங்கள், இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தால் எஸ்எஸ்டி போடுங்கள். விண்டோஸ் 11-க்கு மாறினால் வாலரன்ட் செக்யூர் பூட், டிபிஎம் 2.0 என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளைக் கேட்கும், இரண்டையும் பயாஸில் இயக்க வேண்டும். நண்பர்கள் கேட்டால் என் பெயரைச் சொல்லிக்கொள்ளுங்கள்.