உக்கிய சுவருக்கு மேல் புதுத் தகடு அடிக்கலாமா?

கேள்வி: உறவுக்காரர் ஒருவர் விட்டுவிட்டுப் போன பழைய கரவன் (காரின் பின்னால் இழுத்துப் போகும் சில்லு வீடு) ஒன்று எங்கள் வளவில் நிற்கிறது. வெளியே அலுமினியத் தகடு, உள்ளே மெல்லிய பிளைவுட், நடுவில் மரச்சட்டம். மாங்குளத்துக்குக் கிட்ட ஏ9 கரையில் அதைத் தேநீர்க்கடையாக நிறுத்த ஆசை. ஆனால் பின்மூலையில், யன்னலுக்குக் கீழே அமத்தினால் சுவர் உள்ளே போகிறது. 2018 மார்கழி வெள்ளத்தில் சில்லு மட்டத்துக்குத் தண்ணீர் நின்றது, அதுதான் காரணமோ? பாஸ் ஒருவர் மேலே புதுத் தகடு அடித்துச் சிலிக்கன் பூசினால் போதும் என்கிறார்.
- வாசகர், பரந்தன்

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உள்ளே ஈரம் இருக்கும்போது வெளியே மூடிவிட்டால் அது போக வழியில்லை, மரம் முன்பைவிட வேகமாக உக்கும். உக்கல் என்பது பூஞ்சணத்தின் வேலை. மரத்தின் ஈரம் 20 வீதத்துக்குக் கீழே இருந்தால் அதனால் வளர முடியாது.

வெள்ளத்தையும் நான் குற்றம் சொல்லமாட்டேன். ஒருதரம் நனைந்த மரம் அடுத்த சோளகத்தில் காய்ந்துவிடும், ஆனால் ஒவ்வொரு மாரியிலும் கூரை மூலையால் சொட்டுச் சொட்டாக இறங்கும் தண்ணீர் கீழ்ச்சட்டத்தில் போய்த் தங்குகிறது, அதனால்தான் ஓட்டை மேலேயும் உக்கல் கீழேயும் இருக்கும். எனவே முதலில் ஒழுக்கைப் பிடியுங்கள். ஒருவர் உள்ளே டோர்ச்சோடு நிற்க, மற்றவர் வெளியே குழாயால் தண்ணீர் அடிக்கட்டும், கீழிருந்து தொடங்கி மெல்ல மெல்ல மேலே போக வேண்டும். மேலேயே தொடங்கினால் எல்லாம் நனைந்துவிடும், எந்த இடம் என்று தெரியாது. கூரையும் சுவரும் சேரும் மூலைப்பட்டி, யன்னல் விளிம்பு, பின்விளக்குக்குப் பின்னால் உள்ள துளை, இந்த மூன்றையும் கட்டாயம் பாருங்கள்.

அப்புறம் உட்பக்கப் பிளைவுட்டைக் கழற்றி, கூரான திருப்புளியால் சட்டத்தைக் குத்திக்கொண்டே போங்கள். புட்டுமா போல உதிர்வது எல்லாம் போக வேண்டும், நல்ல மரம் தொடங்கும் இடத்திலிருந்து இன்னும் ஒரு சாண் தள்ளி அறுங்கள், பூஞ்சண நூல் கண்ணுக்குத் தெரியாமல் அவ்வளவுக்கும் ஓடியிருக்கலாம். கீழ்ச்சட்டத்தை அறுக்க முன் சுவருக்கு உள்ளே முட்டுக் கொடுங்கள். ஒரு துண்டை எடுத்து, புதியதைப் போட்டு, அதன்பிறகே அடுத்த துண்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்கினால் சுவர் இறங்கி, யன்னல் திரும்பப் பொருந்தாது. உக்கின துண்டை எறியாதீர்கள், அளவுக்கு அதுதான் அச்சு. பழையதும் புதியதும் சேரும் இடத்தில் நுனியோடு நுனி முட்டவிடாமல், பாதிப் பாதி அறுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறவிட்டுப் பசையும் திருகாணியும் போடுங்கள்.

மரம்? வன்னியில் பிறந்தவனுக்குப் பாலையும் முதிரையும்தான் முதலில் வாயில் வரும். இரண்டும் அருமையான மரங்கள், ஆனால் பாலை தண்ணீரில் தாழும் பாரம், கரவனோ இலேசான மரத்துக்கென்று செய்த வண்டி. வைரம் உள்ள தேக்கை மெல்லிய சட்டமாக அறுப்பித்து எடுங்கள், வெள்ளைப்பகுதி வேண்டாம், அது உக்கும்.

பட்டிகளின் இடுக்கை அடைக்கச் சிலிக்கன் வேண்டாம். அது ஒருதரம் பட்ட இடத்தில் வேறெதுவும் பிடிக்காது, சிலிக்கன்கூட. பட்டிகளைக் கழற்றிப் பழையதைச் சுரண்டி, பியூட்டைல் நாடா (இறுகிப் போகாமல் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் போன்ற நாடா) வைத்து, துருப்பிடிக்காத திருகாணியால் இறுக்குங்கள். நல்ல சோளகத்தில் தொடங்கினால், ஐப்பசி மழைக்கு முன் சட்டம் காய்ந்து சுவர் மூட நேரம் இருக்கும்.

கேள்வி: பதப்படுத்திய பச்சை நிற மரம் கடையில் இருக்கிறது. கரவன் சுவருக்குப் போட்டால் கறையானும் வராதல்லவா?
- வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: கறையான் வராது, சரி. ஆனால் அந்தப் பச்சை செம்பு மருந்தின் நிறம். ஈரம் பட்டால் செம்பு அலுமினியத்தைத் தின்னும், தகட்டில் ஊசித்துளைகள் விழும். சாதாரண மரத்துக்கு வெண்காரமும் போரிக் அமிலமும் வெந்நீரில் கரைத்து இரண்டு மூன்று தரம் பூசிக் காயவிடுங்கள், கறையானுக்கும் பூஞ்சணத்துக்கும் அது போதும். மழை பட்டால் அந்த மருந்து கழுவுப்பட்டுப் போகும், அதனால் மூடிய சுவருக்குள் மட்டும்.