ஊசி போட்டுக் கறந்த பாலைப் பேத்திக்குக் கொடுக்கலாமா?

கல்லல் பக்கமிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். கன்று செத்த பிறகு மாடு பாலை அடக்கிக்கொள்கிறதாம். தீவனக் கடைக்காரர் கொடுத்த, லேபிள் இல்லாத பாட்டில் மருந்தை ரெண்டு வேளையும் ஊசியாகப் போட்டுத்தான் கறக்கிறார். அந்தப் பாலைக் குடித்தால் எட்டு வயதுப் பேத்தி சீக்கிரமே பெரிய மனுஷி ஆகிவிடுவாள் என்று பக்கத்து வீட்டில் சொல்ல, பயந்துபோயிருக்கிறார். கடைசி வரியில், போகிற போக்கில், 'மழையில் லேசாகப் பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு மலிவாகக் கிடைத்தது, ஊறவைத்துப் போடுகிறேன்' என்கிறார்.

அம்மா, அந்த ஊசி பெரும்பாலும் ஆக்சிடோசினாக, அதாவது மடியில் இருக்கும் பாலை இறக்கும் ஹார்மோனாக, இருக்கும். மாட்டின் உடம்பில் சில நிமிடம்தான் நிற்கும், பாலில் கொஞ்சம் வந்தாலும் நம் வயிற்றில் செரித்துவிடும், அதற்கும் பெண்பிள்ளை வயதுக்கு வருவதற்கும் சம்பந்தமில்லை. அமெரிக்காவில் 1993-ல் அனுமதித்த, ஐரோப்பிய ஒன்றியமும் கனடாவும் அனுமதிக்காத பால் பெருக்க ஹார்மோன் வேறு. வாட்ஸ்அப்பில் ரெண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

அதற்காக ஊசியைத் தொடராதீர்கள். அது பாலை உண்டாக்காது, மடியில் இருப்பதை இறக்கும், அவ்வளவுதான். பழகிவிட்டால் ஊசி இல்லாமல் மாடு நிற்காது. பால் கூட்ட இப்படி ஊசி போடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் குற்றம், ரெண்டு வருடம் வரை சிறை உண்டு. லேபிள் இல்லாத பாட்டிலை விற்கிறவர் வியாபாரி இல்லை, திருடர். வெதுவெதுப்பான தண்ணீரில் மடியைக் கழுவி, ஒரு நிமிடம் நீவிவிட்டு, முன்னால் தீவனம் வைத்து, தினமும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் கறங்கள். அதட்டினால் இறங்கிய பாலும் ஏறிக்கொள்ளும். சில நாள் பால் குறையும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரி, நீங்கள் கேட்டிருக்க வேண்டியது அந்தப் புண்ணாக்கைப் பற்றி. பூசணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் மாட்டின் ஈரலில் மாறி ஒரே நாளில் பாலில் இறங்குகிறது. காய்ச்சினாலும் போகாது, ஈரலில் புற்றுநோய் வரவைக்கும் நஞ்சு. 2018-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. 368 மாதிரிகளில் இது அளவு மீறியிருந்தது, முன்வரிசையில் நம் தமிழ்நாடு. பால் என்றாலே ஹார்மோன், கலப்படம் என்று அலறுகிற யாரும் இதைப் பேசுவதில்லை. ஐப்பசி மழையில் நனைந்த மூட்டையை 'மாட்டுக்குத்தானே' என்று தள்ளிவிடுகிற வியாபாரிகளுக்கு நாமும் விலை குறைவு என்று துணைபோகிறோம். வெயிலில் காயவைத்தாலும், பூசணத்தைச் சுரண்டினாலும், ஊறவைத்தாலும் நஞ்சை நம்பி ஒழிக்க முடியாது. வளவில் காயும் வத்தலுக்குக் காட்டும் அக்கறையில் பாதி போதும், புண்ணாக்கு கெடாது: தரையில் படாமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள், ஒரு மாதத்துக்கு மேல் தேவையானதை வாங்காதீர்கள், உடைத்து முகர்ந்து பார்த்து வாங்குங்கள்.

இருக்கிற மூட்டையைக் குழி தோண்டிப் புதையுங்கள், கோழிக்கும் போட வேண்டாம். அந்தப் புண்ணாக்கை நிறுத்தி ஒரு வாரம் கழித்து அந்தப் பாலைப் பேத்திக்குக் கொடுங்கள். அப்புறம் அந்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரைப் பாருங்கள், மடியையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள்.