பழுப்புக் கொழுப்பின் வேலையை எது கூட்டும், எது குறைக்கும்?

பழுப்புக் கொழுப்பு சேமிப்புக்கானது அல்ல. எரிந்து உடலைச் சூடாக்குவது. பெரியவர்களுக்குக் கழுத்தடியிலும் காறை எலும்புக்கு மேலும் முதுகெலும்பை ஒட்டியும் கொஞ்சம் இருக்கும். அதன் செல்களில், ஆற்றலைத் தயாரிக்கும் நுண்ணுறுப்புகளான மைட்டோகாண்ட்ரியா ஏராளம். அங்குள்ள யுசிபி1 என்ற புரதம், ஆற்றலை வேறு வேலைக்குப் போகவிடாமல் வெப்பமாக்கிவிடுகிறது. நியூட்ரலில் நிற்கும் பைக்கை முறுக்குவது போல: பெட்ரோல் எரியும், வண்டி நகராது, இன்ஜின் சுடும்.

முறுக்கும் கை குளிர்தான். தோல் குளிர்ந்ததும் நரம்புகள் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன; பழுப்புக் கொழுப்பை எரியச் சொல்லும் கட்டளை அதுதான். நடுக்கம் வரும் அளவு குளிர் தேவையில்லை. ஜப்பானில் 2013இல் வெளியான ஆய்வில், தினம் 2 மணி நேரம் 17 டிகிரியில் 6 வாரம் இருந்தவர்களுக்கே இதன் செயல்பாடு கூடியது. தைராய்டு ஹார்மோனும் தூண்டும்.

வயதும் உடல் பருமனும் குறைக்கும். ரத்த அழுத்தம், இதயக் கோளாறுகளுக்குத் தரும் புரோப்ரனலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் நரம்பின் கட்டளையையே தடுத்துவிடும். புற்றுநோயைத் தேட எடுக்கும் பெட் (PET) ஸ்கேனில் இந்தக் கொழுப்பு ஒளிர்ந்து புற்றுக்கட்டியோ என்று குழப்பலாம் என்பதால், சில இடங்களில் அந்த மாத்திரையைக் கொடுத்து, நோயாளியைக் கதகதப்பாகவும் வைத்திருப்பார்கள்.

ஐஸ் தண்ணீரில் குளித்தால் தொப்பை கரையும் என்பது தவறு: பெரியவர்களிடம் இதன் அளவு மிகக் குறைவு, குளிர் பசியையும் கூட்டக்கூடும்.