கேளுங்க, சொல்றேன்: மனித உரிமை படிச்சா என்ன வேலை?

கேள்வி: அக்கா, நான் பி.ஏ. ஹிஸ்டரி கடைசி வருஷம். அடுத்து எம்.ஏ. ஹியூமன் ரைட்ஸ் சேரணும்னு ஆசை. அப்பா, "அத படிச்சுட்டு கொடி புடிச்சுக்கிட்டு ரோட்டுல நிக்கப் போறியா"ங்கறாரு. அவருக்கு என்ன பதில் சொல்றது?
- ஒரு மாணவி, விருத்தாசலம்

பதில்: அப்பா மேல கோவப்படாத கண்ணு, பீஸ் கட்டறவரு கேக்கத்தான் செய்வாரு. நானும் உண்மையச் சொல்லிடறேன், எம்.ஏ. சர்ட்டிபிகேட்ட மட்டும் கையில வச்சுக்கிட்டு போய் நின்னா உடனே கூப்புட்டு வேலை குடுக்கற இடம் ரொம்ப கம்மி. டெல்லி ஜாமியா மில்லியா யுனிவர்சிட்டியில 'மனித உரிமைகளும் கடமைகளும்'னு எம்.ஏ.வே இருக்கு, காலேஜ் வாத்தியார் ஆகறதுக்கு எழுதற யூ.ஜி.சி. நெட் எக்ஸாம்லயும் இது தனி சப்ஜெக்ட்டு, கோடு நம்பர் 92, ஆனா நெட் பாஸ் பண்ணிட்டாலும் இதுக்குன்னு தனி டிபார்ட்மென்ட் வச்சிருக்க காலேஜ விரல் விட்டு எண்ணிடலாம். அதனால இந்த படிப்ப தனியா எடுக்காம இன்னொண்ணோட சேத்து எடுன்னுதான் சொல்லுவேன்.

டிகிரி முடிச்சதும் நம்ம கவர்ன்மென்ட் லா காலேஜ்ல மூணு வருஷ எல்.எல்.பி. போடு. அதுக்கப்புறமும் ஆசை அப்படியே இருந்தா அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துல எல்.எல்.எம். மனித உரிமைப் பிரிவு இருக்கு. கோர்ட்டு வாடையே ஆகாதுன்னா எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப் பணி படிப்பு, படி. அதுவும் வேணாம், வேலைக்குப் போயிக்கிட்டே படிக்கறேன்னா பெங்களூரு நேஷனல் லா ஸ்கூல்ல மனித உரிமைச் சட்டத்துக்கு ஒரு வருஷ பி.ஜி. டிப்ளமோ இருக்கு, தபால் வழிக் கல்விதான், எல்.எல்.பி. இல்லாதவங்களும் சேரலாம்.

நீ ஹிஸ்டரிங்கறதால ஒண்ணு சொல்றேன். 1948 டிசம்பர் 10ஆம் தேதி பாரிஸ்ல ஐ.நா. ஏத்துக்கிட்ட மனித உரிமைப் பிரகடனத்துல முதல் வரியில 'எல்லா ஆண்களும்'னு அர்த்தம் வர்ற மாதிரிதான் மொதல்ல இங்கிலீஷ்ல எழுதி வச்சிருந்தாங்க. அத 'எல்லா மனிதர்களும்'னு மாத்த வச்சது நம்ம ஊர் ஹன்சா மேத்தா, நம்ம அரசியல் நிர்ணய சபையிலயும் இருந்தவங்க. அப்பா கிட்ட இதச் சொல்லு, மனுஷன் கொஞ்சம் இறங்கி வந்தாலும் வருவாரு.

அப்புறம் சேர்றதுக்கு முன்னாடியே ஒண்ணு பண்ணு. வாச்சாத்தி கேஸ ஆரம்பத்துலேருந்து முடிவு வரைக்கும் படிச்சுப் பாரு, அது போரடிச்சா இந்த படிப்பே உனக்கு வேணாம். தருமபுரி மாவட்டத்துல அரூர் பக்கம் மலையடிவார ஊரு, 1992 ஜூன் 20ஆம் தேதி சந்தனக்கட்டை தேடறோம்னு பாரஸ்ட், போலீஸ், ரெவின்யூ மூணு டிபார்ட்மென்ட் ஆளுங்களும் சேந்து உள்ள பூந்தாங்க, 18 பொம்பளைங்கள பலாத்காரம் பண்ணுனாங்க. அப்படி எதுவுமே நடக்கலன்னு அதிகாரிங்க சாதிச்சாங்க. எஸ்.சி., எஸ்.டி. கமிஷன்ல தென் மண்டல டைரக்டரா இருந்த பாமதி அம்மா நேர்ல போயி இடிஞ்ச வீட்டையும் பாழாக்குன கிணத்தையும் பாத்து எழுதி வச்சாங்க, மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாம கேஸ் நடத்துனாங்க, சி.பி.ஐ. வந்துச்சு. 269 பேரு மேல குற்றச்சாட்டு, அதுல 54 பேரு தீர்ப்புக்கு முன்னாடியே செத்துட்டாங்க, மிச்சம் 215 பேரும் குற்றவாளின்னு 2011 செப்டம்பர் 29ல தருமபுரி கோர்ட்டு சொல்லிச்சு. அப்பீல்ல ஹைகோர்ட்டு ஜட்ஜே அந்த ஊருக்கு நேர்ல போயி பாத்துட்டு வந்து 2023ல, அதே செப்டம்பர் 29ஆம் தேதி, தண்டனைய உறுதி பண்ணாரு. மொத்தம் 31 வருஷம். அத்தன வருஷம் கேஸ் கீழ விழாம நின்னதுன்னா ஆரம்பத்துல யாரோ போயி என்ன பாத்தோம்னு ஒழுங்கா எழுதி வச்சதுக்கும் அதுல பங்கு இருக்கு, இந்த படிப்புல கத்துக்க வேண்டிய தொழிலே அதுதான்.

கேள்வி: மேடம், எங்க தெருவுல ஒருத்தர் 'மூணு நாள் மனித உரிமை பயிற்சி'ன்னு நடத்தறாரு. 6,000 ரூபா கட்டுனா சர்ட்டிபிகேட், ஐ.டி. கார்டு, கார்ல ஒட்ட ஸ்டிக்கர் எல்லாம் தருவாராம். பையன் சேரணும்னு நிக்கறான். சேக்கலாமா?
- ஒரு தகப்பனார், திண்டிவனம்

பதில்: அண்ணே, அந்த 6,000த்துக்கு பையனுக்கு ஒரு நல்ல செருப்பும் அரசியல் சட்ட புத்தகமும் வாங்கிக் குடுங்க, மிச்சத்த பேங்க்ல போடுங்க.

இந்த மாதிரி கார்டு ஒண்ண நானே கையில வாங்கிப் பாத்திருக்கேன். நாலு சிங்கம் முத்திரை, சிவப்புல பெருசா 'மனித உரிமை', மூக்குக் கண்ணாடி போட்டு தான் பாத்தா தெரியற எழுத்துல ஏதோ ஒரு டிரஸ்ட்டோட பேரு. கொண்டு வந்த தம்பி டோல்கேட்ல காட்டுனா விட்டுருவாங்கன்னு நம்பிக்கிட்டு இருந்துச்சு, பாவம். அரசு முத்திரைய இஷ்டத்துக்கு அச்சடிக்கறது 2005ஆம் வருஷ சட்டப்படி குத்தம், மாட்டுனா கார்டு வித்தவரு எங்கயோ இருப்பாரு, சட்டைப் பாக்கெட்டுல வச்சிருந்தவன்தான் ஸ்டேஷன்ல உக்காரணும்.

சட்டப்படி இருக்கற கமிஷனு வேற, இது வேற. 1993 சட்டத்துல வந்தது டெல்லியில இருக்கற தேசிய மனித உரிமை ஆணையம், நம்ம மாநில ஆணையம் 1997ல வந்துச்சு, சென்னை கிரீன்வேஸ் ரோட்டுல இருக்கு. அவங்க யாருக்கும் ஸ்டிக்கர் விக்கறதில்ல. பையனுக்கு நெஜமாவே ஆர்வம்னா தேசிய ஆணையம் காலேஜ் பசங்களுக்கு இன்டர்ன்ஷிப் வைக்குது, கோடையில குளிர்காலத்துல ஒரு மாசம், ஆன்லைன்லயும் குறுகிய காலத்துக்கு உண்டு, அதுக்கு அப்ளை பண்ணச் சொல்லுங்க.

கேள்வி: நான் பனியன் கம்பெனியில டெய்லர். பிளஸ் டூ வரைக்கும்தான் படிப்பு. நைட் ஷிப்ட் இல்லாத நாள்ல போன்ல படிக்கற மாதிரி சின்ன கோர்ஸ் ஏதாவது இருக்கா? வேலைக்கு இல்லக்கா, எங்க லைன்ல இருக்கற பொண்ணுங்களுக்கு உதவத்தான்.
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: உன் லெட்டர ரெண்டு வாட்டி படிச்சேன் தங்கம். இக்னோன்னு இருக்கற திறந்தவெளிப் பல்கலைக்கழகத்துல மனித உரிமைக்கு ஆறு மாச சர்ட்டிபிகேட் கோர்ஸ் இருக்கு, பிளஸ் டூ போதும், ஆறு மாசத்துல முடியலன்னாலும் ரெண்டு வருஷம் வரைக்கும் டைம் உண்டு. சேர்றதுக்கு முன்னாடி பாடம் எந்த மொழியில வருதுன்னு கேட்டுக்கோ. மத்திய அரசோட ஆன்லைன் பாட சைட்டான ஸ்வயம்ல பாடம் கேக்கறது ப்ரீ, பரீட்சை எழுதி சர்ட்டிபிகேட் வேணும்னாதான் காசு. ஆம்னஸ்டிங்கற சர்வதேச மனித உரிமை அமைப்போட ஆன்லைன் அகாடமியும் ப்ரீதான். ஆனா இதுல பாதி ஜெனிவா, நியூயார்க்னு போகும், உன் லைன்ல நடக்கறதுக்கு நேரா ஒட்டாது, பரவால்ல, கேட்டு வை.

உனக்கு உடனே உதவப் போறது மனு எழுதற பழக்கம். நான் ஜூனியர் வக்கீலா சேந்த புதுசுல ஒரு பையன போலீஸ் தூக்கிட்டுப் போனதுக்கு மொத மொதலா மனு எழுதுனேன், நாலு பக்கம், 'காட்டுமிராண்டித்தனமான', 'மனிதாபிமானமற்ற'ன்னு ஒரே வர்ணனை. சீனியர் வாங்கி சிவப்புப் பேனாவால எல்லாத்தையும் அடிச்சுட்டு மூணே கேள்வி கேட்டாரு, வந்தப்ப மணி என்ன, எத்தன பேரு, சட்டையில பேரு குத்தியிருந்தாங்களா. ஒண்ணுக்கும் எங்கிட்ட பதில் இல்ல. 1996ல டி.கே.பாசு கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு 11 கட்டளை போட்டிருக்கு, கைது பண்ற போலீஸ்காரரு பேரு தெரியற மாதிரி பேட்ஜ் போடணும், நேரம் தேதியோட கைது மெமோ எழுதணும், குடும்பத்து ஆளோ ஊர்க்காரரோ ஒருத்தரு சாட்சிக் கையெழுத்து போடணும், 48 மணி நேரத்துக்கு ஒரு வாட்டி டாக்டரு பாக்கணும்னு. அந்த மூணு கேள்வி எங்கேருந்து வந்துச்சுன்னு அன்னிக்கு ராத்திரி அத படிச்சப்பதான் புரிஞ்சுது. திரும்ப அந்த வீட்டுக்குப் போயி பையனோட அம்மா கிட்ட கேட்டேன், "டிவியில சீரியல் முடிஞ்சு நியூஸ் வந்துச்சும்மா"ன்னாங்க, நேரம் கெடச்சுருச்சு. மனு ஒண்ணரை பக்கத்துல முடிஞ்சுது.

நீயும் ஒரு நோட்டு போடு. யாரு, எப்ப, எங்க, யாரு பாத்தா, அவ்ளோதான். ஓவர்டைம் காசு குடுக்கலன்னா எத்தன மணி நேரம்னு அன்னன்னிக்கே எழுது, மாசக் கடைசியில ஞாபகத்துலேருந்து எழுதுனா எதிராளி வக்கீல் கிழிச்சுருவாரு. சம்பளப் பிரச்சனைக்கு லேபர் ஆபீஸ், சூப்பர்வைசர் தொந்தரவுக்கு கம்பெனியிலயே இருக்க வேண்டிய உள் புகார் கமிட்டி, போலீஸோ அரசு ஆளோ அத்துமீறுனாதான் மனித உரிமை ஆணையம். அங்க பீஸ் கெடையாது, வக்கீல் வேணாம், தமிழ்லயே எழுதலாம், நடந்து ஒரு வருஷத்துக்குள்ள குடுத்துரணும். ஆணையம் சும்மா பரிந்துரைதான பண்ணும்னு யாராவது சலிச்சுக்கிட்டா, அந்த பரிந்துரை அரசாங்கத்தக் கட்டுப்படுத்தும்னு 2021ல மெட்ராஸ் ஹைகோர்ட்டு புல் பெஞ்ச் சொன்னத எடுத்துக் காட்டு.

கேள்வி: எங்க காலேஜ்ல டிசம்பர் 10, மனித உரிமை நாள் ஆனா உறுதிமொழி வாசிச்சுட்டு சமோசா குடுத்து அனுப்பிடறாங்க. வேற ஏதாவது பண்ணலாமா?
- ஒரு மாணவர், தஞ்சாவூர்

பதில்: பண்ணலாமே. ஹாஸ்டல் மெஸ்ல, காலேஜ் கேட்டுல, துப்புரவு வேலை பாக்கறவங்க கிட்ட மாசம் எத்தன நாள் லீவு, சம்பளம் எத்தனாம் தேதி வருதுன்னு கேட்டு எழுதிட்டு வாங்க தம்பி, பேரு மட்டும் போடாதீங்க, அவங்க வேலைக்கு உலை வச்சுராதீங்க. அத அந்த மேடையிலயே வாசிங்க. அடுத்த வருஷம் சமோசா வருமான்னு எனக்கு சந்தேகம்தான்.