மேடை ஏறும் முன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, நாங்க சேலம் அம்மாபேட்டை பசங்க அஞ்சு பேர், பாடுற பொண்ணையும் சேர்த்து ஆறு. இதுவரைக்கும் கல்யாண ரிசப்ஷன் மட்டும்தான் வாசிச்சிருக்கோம். இந்த ஆடிக்கு ராசிபுரம், நாமக்கல், தருமபுரி பக்கம் பத்து நாள்ல ஆறு கோயில் புரோகிராம் வந்திருக்கு. எதையெல்லாம் பார்த்துக்கணும்?

பதில்: தம்பி, வாசிக்கிறத நீங்க பார்த்துப்பீங்க, துட்டும் தூக்கமும்தான் கவுத்துவிடும். புக் பண்றப்பவே பாதி அட்வான்ஸ் வாங்கிடுங்க, மீதிய மேடை ஏறுறதுக்கு முன்னாடி. "முடிஞ்சதும் தர்றோம் தம்பி"ன்னு கமிட்டில சிரிச்சுகிட்டே சொல்வாங்க, நானும் சரிங்கண்ணான்னு தலையாட்டிட்டு ஒரு ஊர்ல ராத்திரி மூணு மணி வரைக்கும் கீபோர்டு பைய மடியில வச்சுகிட்டு மேடைப் படியில உக்காந்திருந்தேன், பொருளாளர் கரகத்தோட ஊர்வலம் போயிட்டாரு, ஃபோன் ஸ்விட்ச் ஆஃப். கடைசில உண்டியல் சில்லறையா ஒரு மஞ்சப்பையில வந்துச்சு, பாதி நோட்டுல குங்குமம் ஒட்டிகிட்டு இருந்துச்சு, எண்ணி முடிக்கிறதுக்குள்ள விடிஞ்சே போச்சு.

தேதிய வரிசையா மாத்திக் கேளுங்க. ராசிபுரம், நாமக்கல் தெக்கால, தருமபுரி வடக்கால, இன்னைக்கு இங்க நாளைக்கு அங்கன்னு மாறி மாறி ஓடுனா டீசலுக்கே சம்பளம் போயிடும். சேலத்துல இருந்து நாமக்கல் 50 கிலோமீட்டர் சுமார், தருமபுரி 65 வரும், பக்கம்தானேன்னு தினம் ராத்திரி வீட்டுக்கு வரத் தோணும், அங்கதான் வம்பு. நீங்க பின்னாடி சீட்ல குறட்டை விடுவீங்க, டிரைவர் பாவம் காலைல இருந்து முழிச்சிருப்பாரு. அதுவும் தருமபுரில இருந்து திரும்பி வர்றப்ப தொப்பூர் கணவாய் இறக்கம், முன்னாடி பின்னாடி லோடு லாரி, எத்தன ஆக்சிடென்ட் அங்கன்னு உங்களுக்கே தெரியும். அங்கயே தங்கிட்டு விடிஞ்சு வாங்க, ரூம் கேக்கறப்ப டிரைவருக்கும் சேர்த்துக் கேளுங்க. வாடகைக்கு எடுக்கற வண்டி மஞ்ச போர்டா இருக்கட்டும், தெரிஞ்சவர் வெள்ள போர்டு வண்டில காசு குடுத்துப் போனா செக்கிங்ல மாட்டுவீங்க, ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸும் கை விரிச்சிடும்.

மைக்க கைல புடிக்கிறதுக்கு முன்னாடி டெஸ்டர் வச்சுப் பாருங்க, இத மட்டும் விளையாட்டா எடுத்துக்காதீங்க. கோயில் பந்தல்ல எர்த் சரியா இருக்காது, மழ பேஞ்சு தரை ஈரமா வேற இருக்கும், டெஸ்டர் எரிஞ்சா சவுண்டு சர்வீஸ்காரரு சரி பண்ற வரைக்கும் யாரும் மேடைல கால் வைக்காதீங்க. அப்புறம் ராத்திரி 10 மணிக்கு மேல ஸ்பீக்கர் போடக் கூடாதுங்கறது 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதி, "பர்மிஷன் இருக்குப்பா"ன்னு வாயால சொன்னா போதாது, பேப்பர வாங்கிப் பாருங்க. போலீஸ் வந்தா கமிட்டி கூட்டத்துல கலந்துடும், மேடைல நிக்கறது நீங்கதான்.

கேள்வி: ஏற்காட்டுல ஒரு ரிசார்ட்ல ராத்திரி புரோகிராம், போன தடவ டோலக் தொப்புன்னு ஆயிடுச்சு, சவுண்டே வரல. என்ன செய்யலாம்?

பதில்: பனிதாங்க. கீழ சேலத்துல வேர்த்து ஊத்தும், 20 கொண்டை ஊசி வளைவு தாண்டி மேல போனா சாயங்காலமே மூட்டம் இறங்கிடும், தோல் ஈரத்த இழுத்துகிட்டு தொய்ஞ்சிடும். சீக்கிரமே போய்ச் சேருங்க, வாத்தியத்த பைய விட்டு எடுத்து ஒரு மணி நேரம் அந்தக் குளிர்ல பழக விட்டுட்டு அப்புறம் சுருதி சேருங்க. பழைய குண்டு பல்பு ஒண்ணு ஹோல்டரோட எடுத்துட்டுப் போங்க, தோலுக்குக் கொஞ்சம் தள்ளிக் காட்டுனா இறுகி வரும், நெருங்கக் காட்டுனா வெடிச்சிடும். கீபோர்டு, மிக்ஸர் மேல போட பிளாஸ்டிக் ஷீட்டு வேணும், ஓப்பன் கார்டன்ல சொட்டு சொட்டா இறங்கும். வளைவுல ஸ்பீக்கர் பாக்ஸ் உருளும், கயிறு போட்டுக் கட்டுங்க, இறங்கறப்ப டிரைவர நியூட்ரல்ல விடாம ரெண்டாவது கியர்ல வரச் சொல்லுங்க.

கேள்வி: என் பொண்ணு காலேஜ் படிக்கிறா, நல்லா பாடுவா, ஒரு குரூப்ல வெளியூர் கூப்பிடறாங்க. அனுப்பலாமா? (சூரமங்கலத்துல இருந்து ஒரு அம்மா)

பதில்: அனுப்புங்கம்மா, ஆனா முதல்ல ஒண்ணு கேளுங்க: உடுப்பு மாத்த, பாத்ரூம் போக மேடைக்குப் பக்கத்துல வீடு ஏதாவது பேசி வச்சிருக்காங்களான்னு. பாதிக் குரூப்புக்கு இந்தக் கேள்வியே தோணாது, மேடைக்குப் பின்னாடி ஒரு வேட்டியத் திரையா கட்டிட்டு ரூம்னு சொல்வாங்க. மேடைக்கு முன்னாடி தட்டுவடை செட் சாப்பிட வேணாம்னு சொல்லுங்க, அந்தக் காரச் சட்னி தொண்டைய ஒரு வழி பண்ணிடும், முடிச்சுட்டு ரெண்டு செட்டா சாப்பிடட்டும். முதல் நாலஞ்சு புரோகிராமுக்கு நீங்களே கூடப் போங்க, வண்டில உங்களுக்கும் ஒரு சீட் உண்டுன்னு இப்பவே பேசிடுங்க, கடைசி நேரத்துல அந்த இடத்துல ஆம்ப்ளிஃபயர் உக்காந்திருக்கும்.