அரசுக் கிடங்கில் நெல் மூட்டை குறைந்தால் பொறுப்பாளர் சிறைக்குப் போவாரா?

குறைவு என்பதற்காக மட்டும் போக மாட்டார். குறைந்த சரக்குக்கான பணத்தை வசூலிப்பது துறை நடவடிக்கை, அது வேறு. குற்ற வழக்கில் முதல் கேள்வி, சரக்கு அவர் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டதா என்பதுதான். இருப்புப் பதிவேடு, அவர் கையெழுத்திட்ட ரசீது, சாவி யாரிடம் இருந்தது, இவையெல்லாம் அங்கேதான் பேசும். ஒப்படைப்பு நிரூபணமாகி, சரக்கு எங்கே போனது என்று அவரால் நம்பும்படி கணக்குச் சொல்ல முடியாவிட்டால், கையாடல் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். 1960இலேயே உச்ச நீதிமன்றம் இப்படிச் சொல்லியிருக்கிறது.

ஈரம் உலர்ந்து எடை குறைவது இயல்பு, அது குற்றமல்ல. அலட்சியமும் தனியாக நம்பிக்கை மோசடி, அதாவது ஒப்படைத்த பொருளைக் கையாடும் குற்றம், ஆகாது; நேர்மையற்ற எண்ணம் வேண்டும்.

தண்டனை கடுமையானது. பழைய இந்திய தண்டனைச் சட்டம் பிரிவு 409, 2024 ஜூலை 1 முதலான குற்றங்களுக்கு அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 316(5): ஆயுள் அல்லது 10 ஆண்டு வரை சிறை, அபராதம். ஊழல் தடுப்புச் சட்டமும் சேரலாம். அதனால் பொறுப்பேற்கும் நாளில் எடை போட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.